நாலு கல்லில் நின்ற கார்

அந்த வாளிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கத்தான் குனிந்தேன்.

கோண்டாவிலில் ஒரு வேப்பமரத்தின் கீழ் நடக்கும் கராஜ் அது. பெயர்ப்பலகை கிடையாது, வழி கேட்பவருக்கு மரத்தைச் சொன்னால் போதும். மரத்தடியில் 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று கதவு, பொனற், இருக்கை எல்லாம் இழந்து, பழைய பெயின்ற் சுரண்டப்பட்டு நின்றது. பக்கத்தில் ஒரு பெயின்ற் வாளி. காரில் இருந்து கழற்றியவற்றில் திரும்பப் பூட்டத் தேவையில்லை என்று ஒதுக்கியவை அதற்குள் கிடந்தன: லொறி ரயரில் இருந்து அறுத்தெடுத்த இரண்டு றப்பர்க் கட்டைகள், சைக்கிள் பிறேக் வயர் ஒன்று, விரித்துத் தட்டிய பால்மா ரின் தகரம், வளைத்த சைக்கிள் கம்பிகள் சில, பூவரசங் கட்டையில் கடைந்த கியர்க் குமிழ் ஒன்று.

"இதெல்லாம் என்ன அண்ணை?"

"கஞ்சல், தம்பி. தடை நேரத்திலை போட்டது. கார்க்காரர் கனடாவிலை. எல்லாம் ஒரிஜினலா வேணுமாம்."

அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். அந்த றப்பர்க் கட்டைகளை 1993இல் அறுத்துப் பூட்டியவரும் அவரேதான். என்ஜினைத் தாங்கும் றப்பர் பிய்ந்துபோனபோது அவற்றை வைத்தார். பிறேக் வயர் சோக் இழுக்க. பால்மா ரின் காலடித் தகரத்தைக் கறள் தின்ற ஓட்டைக்கு. சைக்கிள் கம்பி, நட்டுக் கழலாமல் குத்தும் ஊசிக்குப் பதில். குமிழ் எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. பழைய குமிழ் உடைந்தாலும் தடியைப் பிடித்துக் கியர் மாற்றலாமே.

"அது சும்மா. கைக்கு வடிவா இருக்கட்டும் எண்டு செய்தது."

காரை 1954க்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டுமென்றால் 1993ஐக் கழற்றி வீச வேண்டியிருக்கிறது. அந்த வாளியை எனக்குத் தரும்படி கேட்டேன். கொண்டு போ என்றார், வாளியை மட்டும் திருப்பித் தரச் சொல்லி.

இந்தக் கார்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்ததில் பெரிய அதிசயம் இல்லை. ஐம்பதுகளில் புகையிலைக் காசும், கொழும்பு உத்தியோகக் காசும், மலாயன் பென்சன் காசும் புழங்கிய ஊர். டொக்ரர்மார், அப்புக்காத்துமார், சுருட்டு முதலாளிமார் வாங்கினார்கள். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர். அதிசயம், அவை போகாமல் நின்றதில்தான் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல் கதவு திறக்கும்வரை புதுக் கார் என்பது பெரும்பாலானவர்களுக்கு எட்டாத பொருள். எனவே 1955இல் வாங்கிய கார் 1975இலும் ஓட வேண்டியிருந்தது. டொக்ரரிடம் இருந்து வாத்தியாருக்கும், வாத்தியாரிடம் இருந்து ஹையர் ஓடுகிறவருக்கும் கைமாறியது. இலக்கத்தகட்டைப் பார்த்தே வயதைச் சொல்வார்கள். ஆங்கில எழுத்து என்றால் பழசு. 1957க்குப் பிந்தியது என்றால் 'ஸ்ரீ'. அந்த ஒற்றைச் சிங்கள எழுத்துக்கு எதிராகத் தார் பூசி நடந்த போராட்டமும் அதைத் தொடர்ந்த 1958 கலவரமும் வேறு கதை. ஆனால் அந்தக் கதையையும் பம்பரில் சுமந்துகொண்டுதான் இந்தக் கார்கள் ஓடின.

1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்திறங்க, ஒஸ்ரினும் மொறிசும் கொட்டிலின் பின்பக்கத்துக்கு ஒதுங்கின. நாலு சில்லையும் கழற்றி நாலு கல்லின் மேல் ஏற்றிவிட்டார்கள். கோழி முட்டையிட இருக்கை உதவியது. அவற்றின் காலம் அத்தோடு முடிந்திருக்கும்.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடியது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம், வாகன உதிரிப்பாகம் எதையும் வடக்குக்குக் கொண்டுவரக் கூடாது என்று தடை. மண்ணெண்ணெய் மட்டும், அதுவும் அளந்து, எப்போதாவது வரும். அந்த நேரத்தில்தான் ஜப்பான் வாகனங்கள் கொட்டிலுக்குள் போக, கல்லின் மேல் நின்ற கிழடுகள் இறங்கி வந்தன. காரணம் சின்னது: அவை மண்ணெண்ணெய் குடித்தன.

இதை ஒரு மந்திரம்போலச் சொல்கிறவர்கள் உண்டு. மந்திரம் இல்லை. பெற்றோல் என்ஜின் ஒன்று காற்றையும் எரிபொருளையும் எத்தனை மடங்கு அமுக்கிப் பிறகு பொறி வைக்கிறது என்பதில்தான் விசயம் இருக்கிறது. ஒஸ்ரின் ஏ40இல் அந்த விகிதம் 7.2க்கு ஒன்று. யுத்தத்துக்குப் பிந்திய பிரிட்டனில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்காக அப்படிச் செய்தார்கள். அமுக்கம் குறைவானதால் மண்ணெண்ணெயும் தாக்குப்பிடிக்கும். இன்னும் அமுக்கினால் அது தானாகவே வெடித்து என்ஜின் 'தட்டும்'. ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எனவே கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பிரிட்டிஷ் பண்ணைகளில் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் உழவு இயந்திரங்கள் இப்படித்தான் ஓடின. பெர்கூசன் ரி.ஈ.20 இலேயே அதற்கென்று ஒரு வகை இருந்தது.

எங்கள் ஆட்கள் பெர்கூசனைப் பார்த்துப் படிக்கவில்லை. ஆறில்லாத ஊர் இது. சுண்ணாம்புக் கல்லின் கீழே தேங்கும் நீரைக் கிணற்றில் இருந்து இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. துலா மிதித்த காலம் போய் இறைப்பு மிசின் வந்தபோது, பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது தோட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் கைப்பழக்கமாயிற்று. 1990இல் அந்த அறிவு தோட்டத்தில் இருந்து றோட்டுக்கு ஏறியது, அவ்வளவுதான். ஒரு புளுகும் இல்லாமல் சொல்கிறேன், யாழ்ப்பாணத்துக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவன் வெங்காயக்காரன்.

பெற்றோல் தங்க விலை. அதனால் அதைச் சொட்டுக் கணக்கில் கொடுக்க ஒரு 'சூப்பி' இருந்தது. சிறிய பிளாஸ்ரிக் போத்தல், அமுக்கினால் பீச்சும். கபுரேற்றருக்குள் இரண்டு பீச்சு, ஹான்டிலைப் போட்டு ஒரு சுற்று. ஹான்டில் இல்லையென்றால் தள்ள நாலு பேர். பிடித்துக்கொண்டால் வெள்ளைப் புகை கிளம்பும். அந்த மணம் ஒழுங்கை முழுக்க நிற்கும்; கார் போய்க் கால் மணித்தியாலம் கழித்து வந்தவனும் ஆருக்கோ சுகமில்லைப் போல என்று சொல்லிவிடுவான். ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் தவிர வேறு எதற்கு அப்போது கார் பிடித்தோம்? எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனின் ஓரத்தால் வடிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். பெயாரிங் தேயும். பிளக் கறுக்கும். ஓட ஓட என்ஜின் தன்னையே தின்றது.

தின்ற என்ஜினுக்குத் தீனி எங்கிருந்து? கல்லில் நின்ற மற்றக் காரில் இருந்து.

எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு ஏ40 இருந்தது. இளைப்பாறிய தபால் அதிபர் ஒருவருடையது. அது தின்னப்பட்ட வரிசையை நான் நாலு வருசம் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்திருக்கிறேன். முதலில் போனது பற்றறி. செத்த பற்றறியின் ஈயத் தட்டுக்கும் ஆள் இருந்தது. அடுத்தது கபுரேற்றர். அதை விற்கவில்லை, இரவல் கொடுத்தார். மானிப்பாயில் ஒரு கார் கலியாண மாப்பிள்ளையை ஏற்ற அதைக் கொண்டுபோனது. அடுத்த நாள் துணியில் சுற்றித் திரும்பி வந்தது. பிறகு இன்னொரு காருக்குப் போனது, வந்தது. மூன்றாம் முறை போனது வரவில்லை. தபால் அதிபர் ஐயா கேட்கவும் இல்லை. டைனமோ, கொயில், றேடியேற்றர் என்று உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இதுவரை போனவை எல்லாம் காருக்குள் போனவை.

அதற்குப் பிறகுதான் கார் வீட்டுக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் போகத் தொடங்கியது. வில்லுத் தகட்டைக் கொல்லன் பட்டறை வாங்கியது. கத்தி, மண்வெட்டி, கொடுவாக்கத்தி அடிக்க அதைவிட நல்ல உருக்கு அந்த நேரத்தில் எங்கும் இல்லை. பின் அச்சு ரயர் வண்டிலுக்கு. ரயர் செருப்புக்கு. ரியூப் வளையமாக அறுபட்டு எல்லாவற்றையும் கட்டியது: விறகை, கதவை, சைக்கிள் கரியரில் பெட்டியை. பெயாரிங் பெடியங்களின் பலகை வண்டிலுக்குச் சில்லாயிற்று. பொனற் ஒரு பங்கரின் மேல் மண்மூட்டையின் கீழ் போனது. பின் இருக்கை கடைசிவரை ஐயாவின் விறாந்தையில் இருந்தது. அதில் இருந்துதான் அவர் பேப்பர் வாசிப்பார். கடைசியில் கல்லு நாலும் மிஞ்சியது. அதில் இரண்டை ஆரோ அடுப்புக்கு எடுத்துப்போனார்கள்.

இன்றைக்கு 'மறுசுழற்சி' என்று பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு இந்த ஏ40க்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. அங்கே ஒரு சுழற்சியும் இல்லை. ஒன்று குறைந்து குறைந்து இன்னொன்று நின்றது.

இதற்குள் இங்கிலாந்துக்காரர் செய்த ஒரு காரியம் எங்களுக்கு உதவியது. 1952இல் ஒஸ்ரினும் மொறிசும் ஒரே கொம்பனியாக இணைந்தன. இணைந்த கையோடு மொறிஸ் மைனருக்குள் ஒஸ்ரின் ஏ30இன் 803 சி.சி. என்ஜினைத் தூக்கி வைத்தார்கள். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிசுக்கு அதில் பெரிய சந்தோசம் இருந்திருக்காது. ஆனால் நாற்பது வருசம் கழித்து, செத்துப்போன ஒஸ்ரின் ஒன்றின் சாமான் உயிரோடிருக்கும் மொறிசுக்குப் பொருந்தியது அந்த இணைப்பால்தான். அதைவிட மைனரின் பழைய வகைகளில் முன் கண்ணாடி நடுவில் பிளந்து இரண்டு தட்டையான துண்டாக இருக்கும். தட்டைக் கண்ணாடி என்றால் படத்துக்கு பிறேம் போடுகிற கடையில் வெட்டிக்கொள்ளலாம். 1956க்குப் பிறகு வந்த வளைந்த ஒற்றைக் கண்ணாடி உடைந்தால் அவ்வளவுதான். பொலித்தீன் கட்டி ஓடின கார்களைப் பார்த்திருக்கிறேன். பழசாக இருந்ததே வசதியாகப் போன காலம்.

ஒரு பொல்லாத முரண்பாடும் உண்டு. சாள்ஸ் வெயர் என்ற ஆங்கிலேயர் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்றை நடத்தினார். தொண்ணூறுகளில் அதற்கு வேண்டிய புதுத் தகடுகளையும் பாகங்களையும் செய்து அனுப்பியது எந்த நாடு என்று நினைக்கிறீர்கள்? இலங்கைதான். தென்னிலங்கையில் மைனருக்குப் புதுச் சாமான் செய்து கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த அதே வருசங்களில், இங்கே பால்மா ரின்னை விரித்துத் தட்டிக்கொண்டிருந்தோம்.

கார் மட்டும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்துச் செய்தி கேட்டது எல்லா வீட்டிலும் நடந்தது. சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் கட்டைக்குள்ளால் நூல் திரி கோத்து எரித்த விளக்கில்தான் என் வயதுக்காரர் படித்தோம். மின்சாரம் போனதும் பெட்டகத்துக்குள் கிடந்த கரி அயன்பெட்டிகள் வெளியே வந்தன. பித்தளைப் பெட்டி, மூடியின் நாதாங்கியில் சேவல் நிற்கும், உள்ளே சிரட்டைக் கரி. அவற்றுக்கும் கார்களின் விதிதான். ஒன்றின் அடித்தட்டு, இன்னொன்றின் மூடி, வேறொன்றின் மரக் கைபிடி. எங்கள் வீட்டுப் பெட்டியில் சேவல் இல்லை. மூடியைக் கட்டுக்கம்பி பிடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டில் கரித்தூள் விழாமல் தேய்க்க அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தம் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் சனம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தபோது, கார் வைத்திருந்தவர்களும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். சில கார்கள் வன்னிக்குப் போய்த் திரும்பவே இல்லை. அடுத்த வருசம் சித்திரையில் சனம் வீடு திரும்பியபோது, விட்டுப்போன கார்களில் கழற்றக்கூடியது எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

2002 சித்திரையில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. அதன் வழியாக முதலில் வந்தவை ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும். அடுத்து வந்தவர்கள் தெற்கில் இருந்து பழஞ்சாமான் தேடி வந்த வியாபாரிகள். தேக்கு அலுமாரி, பித்தளைக் குத்துவிளக்கு, கதவு நிலை, சேவல் வைத்த அயன்பெட்டி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து விலை பேசினார்கள். கல்லில் நின்ற கார்களையும். விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருசம் எதையும் எறியாமல் வைத்திருந்து களைத்த சனம், முதல் முறையாக ஒன்றை எறியக் காசும் தருகிறார்கள் என்றால் கொடுக்காமல் என்ன செய்யும்? 2006 ஆவணியில் பாதை மறுபடி மூடியபோது சிலர் கைவிரலைக் கடித்திருப்பார்கள்.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு வன்னியில் குவிந்து கிடந்த வாகனங்களைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முள்ளிவாய்க்கால் பக்கம் ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், லொறிகள், உழவு இயந்திரங்கள், எரிந்தும் எரியாமலும். பழைய இரும்பாக அவை லொறி லொறியாகப் போயின. யாழ்ப்பாணத்தில் கழற்றிப் பூட்டிப் பழகின எங்கள் அண்ணை அந்தக் குவியலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒரு முறை மட்டும், அதில் இருந்து ஒரு சாமானும் தான் வாங்கவில்லை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்று கராஜ்காரருக்குச் சாமான் வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஒரு கோல். ஜப்பானில் கழித்த வாகனங்களின் பாகங்கள் அங்கே மலையாகக் கிடக்கின்றன. இரவு பஸ்ஸில் போட்டால் விடிய யாழ்ப்பாணத்தில் நிற்கும். கழற்றிப் பூட்டுவது இன்னும் நடக்கிறது, கழற்றுகிற இடம்தான் கடல் தாண்டிப் போய்விட்டது. கழற்றுகிறவனுக்கும் பூட்டுகிறவனுக்கும் முகப்பழக்கம் இல்லை, கபுரேற்றரைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. வடக்கின் இளம் மெக்கானிக் ஒருவன் இன்று கணினியை வயரில் கொளுவிப் பிழையை வாசிக்கிறான். கெட்டிக்காரன்தான். ஆனால் அவனிடம் ஒஸ்ரின் ஒன்றைக் கொடுத்தால் அவனுடைய ஸ்பனர் பொருந்தாது; அது மில்லிமீற்றர், இது அங்குலம்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது பழைய ஆட்கள் சிலருக்கு உள்ளூர ஒரு சிரிப்பு இருந்தது. தென்னிலங்கை அப்போது பார்த்ததை இவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். ஒழுங்கைக்குள் சைக்கிள் மறுபடி வந்தது. ஆனால் சூப்பியைத் தேடி எடுத்தவர்கள் ஏமாந்தார்கள். இப்போது வீட்டு வாசலில் நிற்கும் ஹைபிரிட் காரில் அமுக்க விகிதம் ஏறத்தாழ 13. கபுரேற்றரே இல்லை, எவ்வளவு எரிபொருள் பீச்ச வேண்டும் என்பதை ஒரு சின்னப் பெட்டி தீர்மானிக்கிறது. அதற்கு மண்ணெண்ணெய் கொடுத்தால் அது ஓடாது, திருத்தவும் பெருஞ்செலவு. போதாக்குறைக்கு அந்த ஆவணியில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனது. கடலுக்குப் போகிறவர்களுக்கு அது எத்தனை பெரிய அடி என்று குருநகரில் கேட்டால் சொல்வார்கள்.

அந்த நெருக்கடிதான் இன்னொரு பக்கத்தால் பழைய கார்களுக்கு மவுசையும் கொண்டுவந்தது. 2020 பங்குனியில் நின்ற வாகன இறக்குமதி 2025 மாசிவரை தனியார் கார்களுக்குத் திறக்கவில்லை. உள்ளே இருந்த எந்த வாகனத்துக்கும் விலை ஏற, கிழடுகளுக்கும் ஏறியது. அதோடு கலியாணம். புலம்பெயர்ந்த பிள்ளைகள் ஊருக்கு வந்து தாலி கட்டும்போது படத்தில் ஒரு மொறிஸ் மைனர் நிற்க வேண்டும். தாத்தா வைத்திருந்த நிறத்தில், நிக்கல் பளபளக்க, பக்கத் தூணில் இருந்து செம்மஞ்சள் கை ஒன்று நிமிர்ந்து திருப்பத்தைக் காட்ட வேண்டும். அந்தக் கைகாட்டியைத்தான் இப்போது எல்லாரும் தேடுகிறார்கள். தடைக் காலத்தில் அது எதற்கும் உதவாத சாமான். பெடியங்கள் கழற்றி விளையாடினோம். ஒரு சோடி என்னிடமும் இருந்தது. எங்கே போனதோ தெரியாது.

சேவல் அயன்பெட்டிகள் இப்போது விருந்தினர் விடுதிகளின் வரவேற்பு மேசையில் பூச்செடி தாங்கி நிற்கின்றன. அதே விடுதிகளின் பின்முற்றத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு மீன் சுடக் கரி அடுப்பு வேண்டும். ஒயில் பரலை நெடுக்காகப் பிளந்து, தண்ணீர்க் குழாயில் கால் வைத்து, கம்பி அடுக்கி ஒட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் அண்ணையும் இரண்டு செய்து கொடுத்தார். அதில் ஒன்றின் மூடிக்குக் கைபிடியாக இருப்பது ஒரு கார்க் கதவின் கைபிடி. எந்தக் காருடையது என்று விடுதிக்காரருக்குத் தெரியாது.

புதுப்பிக்கப்பட்ட கார் வடிவாகத்தான் இருக்கும். அதில் எனக்கு வழக்கில்லை. தொழிற்சாலையில் இருந்து வந்த அன்று இருந்ததுபோல ஒரு பொருளை நிறுத்துவதற்குப் பொறுமையும் காசும் கைவினையும் வேண்டும். எனக்கு இருக்கிற சின்ன மனக்குறை, 'ஒரிஜினல்' என்ற சொல்லின் மேல். அந்த மைனர் பெற்றோலில் ஓடிய வருசங்களைச் சொல்ல இங்கிலாந்தில் அச்சடித்த கையேடு இருக்கிறது, சங்கங்கள் இருக்கின்றன, உலகமெங்கும் அதே வகைக் கார்கள் இருக்கின்றன. அது மண்ணெண்ணெயில் ஓடிய வருசங்களைச் சொல்ல றப்பர்க் கட்டை இரண்டும் ஒரு குமிழும்தான் உண்டு. பூவரசங் குமிழோடு ஓடிய மொறிஸ் மைனர் உலகத்தில் ஒன்றே ஒன்று. அதைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் குமிழ் ஒன்றை இங்கிலாந்தில் இருந்து எடுப்பிக்கிறோம்.

வாளி என் மேசையின் கீழ் இருந்தது. திருப்பிக் கொடுக்கச் சுணங்கிவிட்டது. ஒரு வியாழக்கிழமை இரவு அண்ணையின் கோல்.

"தம்பி, அந்த வாளி இருக்கோ?"

"நாளைக்குக் கொண்டு வாறன் அண்ணை. குறை நினைக்காதேங்கோ."

"வாளிக்கு இல்லையடா. அந்தச் சைக்கிள் வயர் இருக்கோ? விடிய ஏழு மணிக்கு மாப்பிள்ளை வெளிக்கிட வேணும். ஒரிஜினல் சோக் வயர் பார்சல் கொழும்பிலை எங்கையோ நிக்குது."

எடுத்துக்கொண்டு போனேன். மரத்தடியில் மின்குமிழ் வெளிச்சத்தில் மைனர் இளநீலமாக நின்றது. அண்ணை பொனற்றுக்குள் தலையை விட்டபடி கையை மட்டும் பின்னால் நீட்டினார். வயரைக் கையில் வைத்தேன். பத்து நிமிசம் ஆகவில்லை. சோக்கை இழுத்து ஒரு முறை ஸ்ரார்ட் பண்ணிப் பார்த்தார். பிடித்துக்கொண்டது. புகை இல்லை, மணமும் இல்லை.

"கார்க்காரருக்குச் சொல்லுவீங்களோ?"

கையைச் சாக்கில் துடைத்தார்.

"கேட்டால் சொல்லுவம். நீ குமிழையும் கொண்டு வந்தனியோ?"